என் மனைவி எழுதாதிருக்க ஜெபித்தேன்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரம். என் பெயர் சாமுவேல். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சிதம்பரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன்.

இதற்கு முன் ஒரே ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். 2006-ம் வருஷம், மே மாதம். எங்கள் சபையில் எழுந்து நின்று இருபது நிமிஷம் பேசினேன். முடித்தபோது சபை முழுக்க அல்லேலூயா என்றது. அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: என் மனைவி கதை எழுதும் பழக்கத்தை விட வேண்டும் என்று பல மாதங்கள் ஜெபித்தேன், கர்த்தர் கேட்டார், அவள் விட்டுவிட்டாள்.

அந்தச் சாட்சியை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி பெயர் லீதியாள். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் வாயால் சொல்வதை மனுவாக்கி அடித்துக் கொடுக்கிற வேலை. பட்டா கேட்டு, விதவைப் பென்ஷன் கேட்டு, காணாமல் போன மகனைத் தேடித் தரச் சொல்லி என்று எத்தனையோ மனுக்கள். காலையில் மகள் கெசியாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, கடைக்குப் போவதற்கு முன் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் அவள் தனக்காக எழுதுவாள். நீள நோட்டில், கோடு தாண்டாத எழுத்தில். இரண்டு மூன்று கதைகள் சின்னப் பத்திரிகைகளில் வந்திருந்தன.

நான் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர். கூட வேலை செய்கிறவர்களிடம் "எங்க வீட்ல கதையெல்லாம் எழுதுவாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒரு கதைகூட நான் படித்ததில்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். குப்பங்கள் போயின. இரண்டு நாளில் எங்கள் சபைக்கு எங்கிருந்தெல்லாமோ நிவாரணப் பொருட்கள் வந்து இறங்கின. சேலை, போர்வை, மண்ணெண்ணெய் அடுப்பு. சபை முற்றத்தில் மேஜை போட்டுக் கொடுத்தோம். நான் லீவு போட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன். லீதியாள் ஓரமாக நின்று டோக்கன் எழுதிக் கொடுத்தாள். வாங்க வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வாங்க வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்திருந்தார்கள். அது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார் பாஸ்டர் ஐயா. அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் நம்பினார். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும். நாலு வயசுப் பையனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். நான் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு பாட்டு பாடும்மா, நாலு வரி போதும்" என்றேன். அவளுக்கு எங்கள் பாட்டு எதுவும் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். நாலு வரி முடிந்ததும் சேலையைக் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பொங்கலுக்குள் நான் அதை மறந்துவிட்டேன். லீதியாள் மறக்கவில்லை.

2005 ஆகஸ்டில் அவள் கதை ஒன்று அச்சில் வந்தது. நிவாரணம் வாங்கப் போன ஒரு தாயைப் பாட்டுப் பாடச் சொன்ன கதை. ஊர் பெயர் இல்லை, சபை பெயர் இல்லை. ஆனாலும் வாலிபர் ஒருவர் பத்திரிகையைச் சபைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. "பிரதர், உங்க வீட்டம்மா சபைய நாறடிச்சிட்டாங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, முதன்முதலாக என் மனைவி எழுதிய ஒன்றைப் படித்தேன். நாலு பக்கம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பெயர் இல்லை. பெரிய மீசை வைத்தவன் என்று இருந்தது. எனக்கு மீசை கிடையாது. ஆனால் அவன் பேசுகிற பேச்சு என் பேச்சு. 'நாலு வரி போதும்' அப்படியே இருந்தது.

சபையின் மரியாதைக்காகக் கோபப்பட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். என்னை நானே பார்த்துவிட்ட கோபம் அது. இதை இன்றுவரை எந்தச் சபையிலும் நான் அறிக்கை செய்ததில்லை.

நான் அவளை அடிக்கவில்லை. அதைப் பெரிய நற்பண்பு போலச் சொல்கிறவர்கள் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். நான் செய்தது வேறு. குடும்ப ஜெபத்தில், அவள் காது கேட்க, சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, என் மனைவி கையிலிருந்து பேனாவை எடுத்துப் போடும்." தினமும். அவள் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பாள். கடைசியில் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னாள். ஒன்பது வயசு கெசியாவும் சொன்னாள்.

2006 மே மாதம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கடைசி நாள் ஞாயிறு காலை, தேவனுக்குப் பிரியமில்லாததையெல்லாம் கொண்டுவாருங்கள், தீயில் போட்டுவிடலாம் என்று வெளியூர் பிரசங்கியார் சொல்லியிருந்தார். சினிமா கேசட், ஜாதகம், சிகரெட் பாக்கெட் என்று கொண்டுவந்து குவித்தார்கள். நான் லீதியாளின் நோட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஆறு நோட்டு. வீட்டு வாசலில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"ஒன்னையாச்சும் படிச்சிட்டுப் போடுங்க."

நான் படிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்றேன்.

நோட்டுப் புத்தகம் சீக்கிரம் எரியாது. தடிமனாக இருப்பதால் ஓரம்தான் கருகும். சபை மூப்பர் ஒருவர் கம்பால் கிளறிவிட்டார். அப்போது பக்கங்கள் தானாகப் புரண்டு திறந்தன. பெண்கள் பக்கத்தில் லீதியாள் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து, கர்த்தர் கிரியை செய்துவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சாட்சி சொன்னேன்.

அவள் நிஜமாகவே நிறுத்திவிட்டாள். முதல் ஆறு மாதம் நான் நன்றி செலுத்திக்கொண்டிருந்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. எதைக் கேட்டாலும் "சரி" என்றாள். மீன் வாங்கட்டுமா? சரி. உங்க அண்ணன் வீட்டுக்குப் போகலாமா? சரி. போக வேண்டாமா? அதற்கும் சரி.

பிறகு அந்தச் சரியும் குறைந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன என்று 2007-ல் கடை வேலையை விட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கெசியாவின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கை நகராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழந்தை கார்டை என்னிடம் கொண்டுவரும்.

சபையார் வந்தார்கள். எண்ணெய் பூசினார்கள். உபவாசம் இருந்தார்கள். அறிக்கையிடாத பாவம் ஏதோ உள்ளே இருக்கிறது என்றார்கள். இருந்தது. ஆனால் அது யாருக்குள் இருக்கிறது என்று அவர்களும் தேடவில்லை, நானும் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று நான்கு முறைக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். அன்று எனக்காக அல்லேலூயா சொன்ன ஒருவர்கூட எங்கள் வீட்டுக் கதவை அதற்குப் பிறகு தட்டவில்லை.

2008-ம் வருஷ ஆரம்பத்தில் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வயசான அம்மா. லீதியாளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

முக்கால் மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார். "இவுங்க கதை எழுதுவாங்களாமே. அந்த நோட்டெல்லாம் எங்க இருக்கு?"

"இல்லைங்க மேடம்."

"இல்லைன்னா?"

"எரிச்சிட்டோம்."

"எரிச்சிட்டோமா, எரிச்சிட்டீங்களா?"

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "மாத்திரை தூக்கம் குடுக்கும், பசி குடுக்கும். மிச்சத்த நான் குடுக்க முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் பரங்கிப்பேட்டை தாண்டியதும் அவளிடம் சொன்னேன். "அந்தக் கதையில மேஜைக்குப் பின்னால இருந்தது நான்தான்."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தெரியாமயா மீசை வெச்சேன்? உங்கள யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான்."

பல மாதங்களில் அவள் பேசிய நீளமான பேச்சு அது. நான் அவளை எரித்தேன். அவள் என்னை மறைத்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் ரேஷன் கார்டைத் தேடியபோது கெசியாவின் பழைய ஷூ பெட்டியில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே சாக்ஸைப் போட்டு மூடியிருந்தாள். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. அதை வாங்கி நான்கு மாதமாகியிருந்தது.

"ஏம்மா அப்பாகிட்ட காட்டல?"

"நெருப்புல போட்டுருவீங்கல்ல."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவன் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. நல்ல வார்த்தைகளும் வரவில்லை. "ஆண்டவரே, நான் கேட்டது தப்பு. நீர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவள் பேனாவை அவளிடமே கொடும்." இவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அதே இடத்தில் அதே ஜெபம்.

ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஜெபத்துக்குச் சீக்கிரம் பதில் வந்ததே, இதற்கு ஏன் வரவில்லை என்று அவரிடம் கோபித்தும் கொண்டேன். முதல் ஜெபத்துக்குப் பதில் சொன்னது அவர்தானா என்கிற பயமும் எனக்கு அப்போதுதான் வந்தது. இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஒரு மனைவியை வாயடைக்கக் கடவுள் தேவையில்லை, புருஷனே போதும்.

2009-ல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சிதம்பரத்துக்கு மாறினோம். வைத்தியத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அந்தச் சபையின் மணிச் சத்தம் அவள் காதில் விழக் கூடாது என்பது இன்னொன்று. ஒரு லாட்ஜில் மோட்டார், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கிடைத்தது. மாத்திரையில் அவள் கொஞ்சம் தேறியிருந்தாள். சமைத்தாள், கெசியாவோடு பேசினாள். எழுத்து மட்டும் இல்லை.

2010-ல் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அந்தப் பொம்பள பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

"தெரியாது."

"எனக்கும் தெரியல. டோக்கன் நம்பர்தான் எழுதினேன். பேரே கேக்காம அவளப் பத்திக் கதை எழுதியிருக்கேன் பாருங்க. நானும் உங்கள மாதிரிதான்."

அவள் அழுதாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக வராத அழுகை.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஆராதனைக்குப் போகவில்லை. கடலூருக்குப் பஸ் ஏறி, குப்பம் குப்பமாகப் போய் விசாரித்தேன். பழைய சபையில் நிவாரண லிஸ்ட் கேட்டபோது கொடுத்தார்கள். அதில் எத்தனை சேலை, எத்தனை போர்வை என்பதெல்லாம் சரியாக இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. மூன்றாவது வாரம் சுனாமி குடியிருப்பு ஒன்றில் அவளைக் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"நீதான பாட்டு சொல்லிக் குடுத்தது?"

"ஆமாம்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அந்தப் பாட்டு இன்னும் வாயில வந்துருது. மீன் கழுவசொல்ல வருது, தண்ணி புடிக்கசொல்ல வருது. எங்க சாமிக்கு வெளக்கு ஏத்தசொல்லகூட வருது. அத எடுத்துனு போவ முடியுமா உன்னால?"

வெயிலில் நின்றேன். "உங்க பேரு என்னம்மா?" என்றேன்.

"இப்பத்தான் கேக்கறியா? அஞ்சலை. எம்புள்ள பேரு மணிகண்டன். அதையும் எழுதிக்கினு போ."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்து நின்றதைப் பார்த்துவிட்டு, மறுபடி மீனை ஆயத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து லீதியாளிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கெசியாவின் ஸ்கூல் நோட்டீஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். தொலைபேசிப் பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்தாள். 'அஞ்சலை' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'மணிகண்டன்'. எழுத்து சாய்ந்து, நடுங்கி இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வார்த்தை எழுதப் போனபோது பேனா எழுதவில்லை.

"வேற பேனா இருக்கா?" என்றாள்.

நான் கடைக்கு ஓடினேன். செருப்புப் போட மறந்து ஓடினேன். நாலு பேனாவும் ஒரு நீள நோட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். சகோதர சகோதரிகளே, என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். அல்லேலூயா சொல்லச் சபை இல்லை. நான் மட்டும் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் சொன்னேன்.

எரிந்த கதைகளைத் திரும்ப எழுதலாமே என்று ஒரு முறை கேட்டேன். "அதெல்லாம் போச்சுங்க" என்றாள். ஆண்டவர் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆறு நோட்டு சாம்பல்தான். அதில் என்ன இருந்தது என்று உலகத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. படிக்கச் சொன்னபோது நான் படிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் எழுதினாள். அஞ்சலையைப் போய்ப் பார்த்தாள். ஒரு முறை அல்ல, பல முறை. பெயரைப் போட அனுமதி கேட்டாள். இருநூறு பக்கத்துக்கு ஒரு நாவல் ஆனது. 2011 கடைசியில் அடித்த புயலில் கடலூர் பக்கம் கரண்ட் கம்பங்களெல்லாம் சாய்ந்ததால் அச்சு வேலை தள்ளிப்போனது. 2012 மார்ச்சில் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் புத்தகம் வெளிவந்தது. நாற்பது பேர் வந்தார்கள். அந்த டாக்டர் அம்மா முன்வரிசையில் இருந்தார். கடலூர்ச் சபையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். ஒருவரும் வரவில்லை. பிறகு விருத்தாசலத்தில் வாசகர் கூட்டம் ஒன்று அவளைக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தது. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் கடிதம் எழுதினார். கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள். அஞ்சலைக்கு, டாக்டருக்கு, கெசியாவுக்கு. என் பெயர் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். வலித்தது. நியாயம் என்றும் பட்டது. என்னை மன்னித்துவிட்டாயா என்று எழுத ஆரம்பித்த நாட்களில் கேட்டதற்கு, "தெரியலீங்க. எழுதி முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள். எழுதி முடித்துவிட்டாள். நான் மறுபடி கேட்கவில்லை.

பழைய சபையில் இந்த இரண்டாவது சாட்சியைச் சொல்ல ஐந்து நிமிஷம் கேட்டேன். "அது சபைக்குப் பக்திவிருத்தியா இருக்காது பிரதர்" என்றார் பாஸ்டர் ஐயா. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் மனைவியோ கணவனோ எழுதுகிறவராக இருந்தால், அவருக்காக ஜெபிப்பதற்கு முன் அவர் எழுதியதைப் படியுங்கள். புரியாவிட்டாலும் படியுங்கள். உங்களைப் பற்றி இருந்தால் இரண்டு முறை படியுங்கள். அவருக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் சோற்றை நீங்கள் வடியுங்கள், நான் இப்போது வடிக்கிறேன், குழைந்துதான் போகிறது, சாப்பிடலாம். அவருக்குக் கூட்டம் நடந்தால் போய் நாற்காலியை நிரப்புங்கள். என்னைப் போலத் தவறாய்க் கேட்டுவிட்டவர்கள் யாராவது இருந்தால், மறுபடி போய்க் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் கேட்டேன், என்னைத் தள்ளிவிடாத தேவன் உங்களையும் தள்ளமாட்டார். பதில் தாமதித்தால், அதற்காக நீங்கள் எங்கேயாவது நடந்து போக வேண்டியிருக்கிறதோ என்று யோசியுங்கள்.

இதை எழுதி முடித்து லீதியாளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சந்திப்பிழைகளைத் திருத்தினாள். கடைசி வரியில் வந்து நின்றாள்.

"'கர்த்தர் என் மனைவியை மாற்றினார், அவருக்கே மகிமை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நான் எங்க மாறினேன்? அடிச்சிடுங்க."

அடித்துவிட்டேன். மாற்றப்பட வேண்டியவன் நான். மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஸ்தோத்திரம்.